டிரான்ஸ்பார்மர் தின்கிற கரண்டுக்கும் நாங்கதான் கணக்கா?

மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் பட்டணத்துச் சொந்தங்களுக்கு எங்க ஞாபகம் வந்துவிடும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் ஏறியபோதும் வந்தது, 2024 ஜூலையில் ஏறியபோதும் வந்தது. "சித்தப்பா, நீங்க ராத்திரி பகலா மோட்டார ஓடவிட்டு ஃப்ரீ கரண்டு எடுக்குறீங்க, இங்க நாங்க பில்லு கட்டுறோம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், காரில் வந்து இறங்கி வாசலில் செருப்பு கழற்றும்போதே கூட. சிரிப்பு அவங்களுக்கு, சுருக்கு எங்களுக்கு.

ஒரு விஷயத்தை முதலில் நேர் செய்துவிடுகிறேன். காரைக்கால்காரன் தமிழ்நாட்டு மின்வாரியத்திடம் ஒரு யூனிட்டும் இலவசமாக வாங்கவில்லை. மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் புதுச்சேரியின் ஒரு துண்டு நாங்கள். எங்களுக்குக் கரண்டு தருவது புதுச்சேரி அரசின் மின்துறை. அதற்குக் கட்டணம் நிர்ணயிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அது உட்கார்ந்திருப்பது அரியானாவில் குர்கானில். திருநள்ளாறு பக்கத்து வயலுக்கு எத்தனை பைசா என்று குர்கானில் முடிவாகும். அது இருக்கட்டும். சென்னைக்காரர் பில்லுக்கும் நெடுங்காடு மோட்டாருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. ஏனென்றால் இந்தக் குற்றச்சாட்டு தமிழ்நாட்டு விவசாயி மேலும் அதே மாதிரிதான் விழுகிறது. அங்கே 23 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்பு இருக்கிறது. கரண்டு வீணாவது எங்கே என்று கேட்டால் எல்லோரும் வயலைக் காட்டுகிறார்கள். நான் கம்பத்தைக் காட்டுகிறேன்.

இலவசம் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததும் இல்லை. 1970ல் கோவைப் பக்கத்து விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் 3 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் 20 வருஷம் கழித்து, 1990ல்தான் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிக்கும் இலவசம் என்று வந்தது. இங்கே எங்கள் பிரதேசத்தில் அரசு மானியமாகக் கட்டுகிறது.

இப்ப கம்பத்துக்கு வருவோம்.

வரப்பு ஓரம் ரெட்டைக் கம்பத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கிறது பாருங்கள், 100 கேவிஏ. கிட்டப் போனால் 'உம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். மோட்டார் ஒன்றுகூட ஓடாத நடுச்சாமத்திலும் கேட்கும். உள்ளே இருக்கிற இரும்புத் தகடு விநாடிக்கு 50 சுற்று காந்தமாகிக் காந்தம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து சூடும் உண்டாகிறது, அந்தச் சூட்டுக்குக் கரண்டு செலவாகிறது. இதுக்குப் பேரு இரும்பு இழப்பு. 1989ல் வந்த இந்தியத் தர அளவின்படி 100 கேவிஏ டிரான்ஸ்பார்மருக்கு 260 வாட் வரைக்கும் இப்படிப் போகலாம். 260 வாட் என்றால் கேட்க ஒன்றுமில்லை, மூணு நாலு மின்விசிறி. ஆனால் இந்த விசிறிக்கு சுவிட்சு கிடையாது. 24 மணி நேரம், 365 நாள். வருஷத்துக்கு 2,270 யூனிட்டுக்கு மேல். மாதத்துக்கு 190 யூனிட் வருகிறது. பட்டணத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் ஃபிரிட்ஜ், டிவி, மிக்சி எல்லாம் போட்டு எரிக்கிற அளவு. யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 25 வருஷம் அந்தக் கம்பத்தில் சும்மா நிற்கிறதுக்கு மட்டும் 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் சொச்சம்.

சும்மா நிற்கிறது என்று சொன்னதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நகரத்து டிரான்ஸ்பார்மருக்கு ராத்திரி பகல் வேலை இருக்கும். எங்க வயல் டிரான்ஸ்பார்மர் அப்படியில்லை. குறுவை நாத்தங்காலுக்குத் தண்ணி வைக்கிற நாளில் அதற்கு மூச்சு முட்டும். சம்பாவில் ஆத்துத் தண்ணி வந்து, மழையும் பிடித்துவிட்டால் மோட்டாரைத் தொடவே மாட்டோம். ஐப்பசி கார்த்திகையில் வயலிலிருந்து தண்ணியை வெளியேத்துறதுதான் பாடு. அந்த மாசம் பூரா டிரான்ஸ்பார்மர் தன் வயித்துக்கு மட்டும் தின்றுகொண்டு உம்முன்னு நிற்கும். ஆக, இரும்பு இழப்பைக் குறைக்கிற நல்ல மையத் தகடு எங்கே முதலில் தேவை என்றால் கிராமத்தில்தான். கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாத அணு அமைப்புள்ள உலோகத்தில் மையம் செய்கிற ஒரு வகை இருக்கிறது, அமார்ஃபஸ் என்பார்கள். சாதாரண சிலிக்கான் எஃகுத் தகட்டோடு பார்த்தால் அதில் இரும்பு இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். புதுசா கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, பல வருஷமாகச் சந்தையில் இருக்கிற சரக்கு. விலைதான் கூட.

இன்னொரு இழப்பு சுருளில். செம்போ அலுமினியமோ, கம்பியில் கரண்டு ஓடினால் கம்பி சுடும். இது கரண்டின் வர்க்கத்துக்கு ஏறும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் மேல் 140 கேவிஏ சுமையைத் தூக்கி வைத்தால் இந்த இழப்பு ஒண்ணே முக்கால் இல்லை, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பழைய அளவில் முழுச் சுமைக்கு 1,760 வாட். 140 சதவீதச் சுமைக்கு 3,450 வாட். எண்ணெய் கொதிக்கும், சுருளைச் சுற்றின காகிதம் கருகும், ஒருநாள் டப்பென்று சத்தம். அப்புறம் லாரி வரும், இறக்கிக்கொண்டு போவார்கள், சரிபண்ணிக் கொண்டுவருவார்கள். ரிப்பேர் ஆகி வருகிற டிரான்ஸ்பார்மரில் இழப்பு முன்பைவிடக் கூடத்தான் இருக்கும். கழற்றி மறுபடி அடுக்கிய தகடு பழைய மாதிரி ஒட்டி உட்காருவதில்லை. ரெண்டாவது தடவை, மூணாவது தடவை என்று ரிப்பேர் ஆனதெல்லாம் எங்கே வந்து நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? அடுக்குமாடி வாசலிலா?

2014ல் இந்தியத் தர அளவு திருத்தப்பட்டது. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் பாதிச் சுமையில் மொத்த இழப்பு முதல் நிலைக்கு 520 வாட், இரண்டாம் நிலைக்கு 475, மூன்றாம் நிலைக்கு 435. பழைய அளவில் அதே பாதிச் சுமைக்கு 700. முழுச் சுமையில் பழசு 2,020 வாட். மூன்றாம் நிலை 1,500. எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திர லேபிளும் டிரான்ஸ்பார்மருக்குக் கட்டாயமாக்கப்பட்டது. நாட்டில் அறிவு இல்லாமல் இல்லை, அளவும் சட்டமும் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் 2014க்கு முன்னால் ஏற்றிய டிரான்ஸ்பார்மரை ஒரு தர அளவு வந்து இறக்காது. எரிகிறவரைக்கும் நிற்கும். எரிந்தாலும் சுருள் மாற்றி மறுபடி நிற்கும்.

வாங்குகிற முறையில்தான் முதல் முடிச்சு. டெண்டரில் குறைந்த விலை போட்டவனுக்கு ஆர்டர். ஒரு மாடு வாங்கினால்கூட நாங்கள் விலையை மட்டும் பார்க்க மாட்டோம். எத்தனை லிட்டர் கறக்கும், எவ்வளவு தீனி தின்னும் என்று கேட்போம். 25 வருஷம் தின்னப்போகிற டிரான்ஸ்பார்மருக்கு வாங்குகிற விலை மட்டும் கணக்கு. இழப்பையும் பணமாக்கி விலையோடு கூட்டி, எது மொத்தத்தில் மலிவு என்று பார்க்கிற முறை புதிதில்லை. துணைமின் நிலையத்துக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது அப்படித்தான் பார்க்கிறார்கள். வயலுக்கு வருகிற சின்ன டிரான்ஸ்பார்மர் என்றால் பல இடங்களில் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. குறைந்த விலையைத் துரத்தினால் என்ன வரும் என்பதும் தெரிந்த கதைதான். வெளிநாட்டில் கழித்துக்கட்டிய டிரான்ஸ்பார்மரின் பழைய தகட்டை வெட்டி, புது மையம் என்று வைத்து விற்கிறார்கள் என்ற புகார் இந்தத் தொழிலில் பல வருஷமாக இருக்கிறது. பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலையாச்சும் சாப்பிடும்போது தெரிஞ்சிடும். தகட்டை எண்ணெய்க்குள் மறைத்தால் யாருக்குத் தெரியும்?

டிரான்ஸ்பார்மரை விட்டு இறங்கி வந்தால் தாழ்வழுத்தக் கம்பி. ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர், அதுக்கு மேலும், 415 வோல்ட் கம்பி வயல் வயலாகப் போகும். அந்தக் கம்பியின் கடைசியில் இருக்கிறவன்தான் கடைமடைக்காரன், தண்ணிக்கும் கரண்டுக்கும். எல்லா மோட்டாரும் ஓடுகிற நேரத்தில் கடைசிக் கம்பத்தில் 340 வோல்ட் வந்தால் பெரிய விஷயம். மோட்டார் அதே தண்ணியைத் தூக்க, குறைந்த வோல்ட்டில் கூடுதல் கரண்டு இழுக்கும். 415க்குப் பதில் 340 என்றால் கரண்டு 22 சதவீதம் கூட, சூடு ஒன்றரை மடங்கு. மோட்டாரிலும் சூடு, கம்பியிலும் சூடு. கம்பி சூடானால் வோல்ட்டு இன்னும் இறங்கும்.

இதற்கு மருந்து ரெண்டு உண்டு. ஒன்று, 11,000 வோல்ட் கம்பியை வயல் வரைக்கும் கொண்டுவந்து, ரெண்டு மூணு மோட்டாருக்கு ஒரு 16 கேவிஏ, 25 கேவிஏ என்று சின்ன டிரான்ஸ்பார்மர் வைப்பது. அதே சக்தியை 415 வோல்ட்டில் அனுப்புவதற்கும் 11,000 வோல்ட்டில் அனுப்புவதற்கும் கரண்டு 26 மடங்கு வித்தியாசம். கம்பி ஒன்றே என்றால் இழப்பு 700ல் ஒரு பங்கு. ஆந்திராவில் இதை வயல்களில் செய்தார்கள். கொக்கி போடுவதும் தானாக நின்றுபோகும், 11,000 வோல்ட்டில் எவன் கொக்கி போடுவான்? (கொக்கி போடுகிறவன் ஊரில் இல்லை என்று நான் சொல்லவில்லை. கோயில் திருவிழா சீரியல் லைட்டுக்கும் கட்சிக் கூட்டத்து மேடைக்கும் யார் போடுகிறார்கள் என்பதையும் ஒரு கணக்கெடுத்தால் நல்லது.)

இரண்டாவது கெப்பாசிட்டர். சோப்புப் பெட்டி அளவு சாமான். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கேவிஏஆர் போதும். மோட்டாரின் திறன் காரணி 0.7ல் இருந்து 0.95க்கு ஏறினால், கம்பியில் ஓடுகிற கரண்டு கால் பங்குக்கு மேல் குறையும், கம்பி இழப்பு கிட்டத்தட்ட பாதியாகும். விவசாயி மாட்ட வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் மாட்டுவதில்லை, மாட்டியது கெட்டால் மாற்றுவதில்லை. நியாயமா பேசணும்னா இது எங்க பக்கத்துக் குறைதான். ஆனால் இதைச் சரிசெய்ய எங்கள் மனசாட்சியை நம்பி 30 வருஷம் காத்திருக்கத் தேவையில்லை. மின்துறைகளே கம்பத்தில் கெப்பாசிட்டர் மாட்டலாம். லாபம் அவர்களுக்குத்தான்.

"சரி, ஸ்டார் போட்ட நல்ல மோட்டார் வாங்கலாமே, ஏன் சோமாரி மோட்டார வெச்சிருக்கீங்க?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். வயலில் ஓடுகிற பழைய பம்புசெட்டுகளின் மொத்தத் திறன் 25, 30 சதவீதம்தான் என்று எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. நல்ல பம்பு போட்டால் 45, 50க்குப் போகலாம். மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டம் மங்கள்வேடாவில் முதல் சோதனையாக 2,209 பம்புசெட்டுகளை மாற்றினார்கள். ஆனால் காயில் கட்டுற பட்டறையில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், ஏன் இந்த மோட்டார் என்று புரியும். எங்க ஊர்ப் பக்கம் மோட்டார் வாங்குகிறவன் கேட்கிற முதல் கேள்வி, "லோ வோல்ட்டேஜ் தாங்குமா?" என்பதுதான். யூனிட் எத்தனை இழுக்கும் என்பதில்லை. 5 போதும் என்கிற இடத்தில் ஏழரைக் குதிரைத்திறன் வாங்குவதும், பட்டறையில் சொல்லித் தடிமனாகச் சுற்றிக்கொள்வதும் 340 வோல்ட்டில் எரியாமல் இருக்கத்தான். திறமான மோட்டார் சரியான வோல்ட்டேஜுக்குச் செய்தது. கடைசிக் கம்பத்தில் அது முதல் சீசனிலேயே பட்டறைக்கு வரும். ஒருதரம் காயில் கட்டினால் ஆகிற செலவில் நாலு மூட்டை உரம் வாங்கலாம், அதைவிடப் பெரிய நஷ்டம் பட்டறையில் மோட்டார் கிடக்கிற நாலு நாளில் வெடித்துப்போகிற நாத்தங்கால். இலவசக் கரண்டு விவசாயியைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று எழுதுகிற பொருளாதார அறிஞர்கள் இந்த வோல்ட்மீட்டரை ஒருதரம் பார்க்கலாம். கெட்ட லைன்தான் கெட்ட மோட்டாரைத் தேர்ந்தெடுக்கிறது. லைனைச் சரிசெய்யாமல் ஸ்டார் மோட்டாருக்கு மானியம் கொடுத்தால் அந்த மானியம் பட்டறைக்குப் போகும்.

இனி கணக்குக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சலே இங்கேதான்.

நாடு பூராவும் பெரும்பாலான விவசாய இணைப்புக்கு மீட்டர் இல்லை. குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. மீட்டர் இல்லாத இடத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்பது ஊகம். மின்நிலையத்தில் இருந்து வாங்கியது இவ்வளவு, மீட்டர் வழியாக விற்றது இவ்வளவு, மீதி? அந்த மீதியில் விவசாயி எடுத்ததும் இருக்கும், டிரான்ஸ்பார்மர் தின்றதும் இருக்கும், கம்பியில் சூடாய்ப் போனதும் இருக்கும், திருடியதும் இருக்கும். எல்லாவற்றையும் 'விவசாயம்' என்கிற தலைப்பில் தள்ளிவிட்டால் ரெண்டு லாபம். இழப்பு சதவீதம் காகிதத்தில் அழகாகக் குறையும். அரசிடம் மானியமும் கூடக் கேட்கலாம். நான் கற்பனையாகச் சொல்லவில்லை. மகாராஷ்டிராவில் அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையமே விநியோக நிறுவனம் காட்டிய விவசாய விற்பனையை ஏற்காமல் குறைத்து, அந்த வித்தியாசத்தை இழப்பில் சேர்த்தது. பம்புசெட்டு குடித்ததாக எழுதிய யூனிட்டுகளைப் பம்புசெட்டு குடிக்கவில்லை என்று அர்த்தம். அப்படியென்றால் "விவசாயிக்கு இத்தனை ஆயிரம் கோடி" என்று பேப்பரில் வருகிற தொகையில் எங்கள் வயலுக்கு வந்தது எவ்வளவு, வழியில் சூடாகிப் போனது எவ்வளவு? எங்கள் பேரில் எழுதிய கடனை நாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை.

இதை நிறுத்த எனக்கு ஒரு வழி தெரியும். ஒவ்வொரு விவசாய டிரான்ஸ்பார்மரிலும் மீட்டர் மாட்டு, ஃபீடரிலும் மாட்டு. உள்ளே போனது எவ்வளவு என்பதாவது தெரியட்டும். விவசாயச் சங்கங்கள் மீட்டர் என்றாலே கம்பை எடுக்கின்றன. பயம் எனக்கும் புரிகிறது, இன்னைக்கு மீட்டர், நாளைக்கு பில்லு. ஆனால் டிரான்ஸ்பார்மர் மீட்டர் யாருடைய பில்லும் ஆகாது. அது சாட்சி சொல்லும், யார் பக்கம் என்று பார்க்கலாம். எனக்குப் பயமில்லை.

மத்திய அரசு 2021ல் ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தது. விநியோகத் துறையைச் சீரமைக்க 3 லட்சத்து 3 ஆயிரத்து 758 கோடி ரூபாய். நாட்டின் தொழில்நுட்ப, வணிக இழப்பை 12 முதல் 15 சதவீதத்துக்குக் கொண்டுவருவது குறி. அதில் டிரான்ஸ்பார்மர் மீட்டரும் உண்டு, லைன் மாற்றுவதும் உண்டு. ஆனால் ஊருக்குள் முதலில் காதில் விழுவது எது? வீட்டுக்கு வீடு 25 கோடி பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர். போனுக்கு ரீசார்ஜ் மாதிரி கரண்டுக்கும் முன்பணம். ஸ்மார்ட் மீட்டர் பணத்தைச் சீக்கிரம் வசூலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு வாட் சூட்டையும் குறைக்காது. தண்ணி ஓட்டைக் குழாயில் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு வீடு குடத்தை அளக்கிற வேலை.

தனியார்மயம் இன்னொரு கதை. யூனியன் பிரதேசங்களில் மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். 2022 செப்டம்பரில் புதுச்சேரியில் டெண்டர் விட்டதும் மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கரண்டு போய், ஜனங்கள் மறியல் செய்து, பெரிய ரகளை. தனியார் வந்தால் இழப்பு குறையும் என்பவர்கள் டில்லியைக் காட்டுவார்கள். உண்மைதான், 2002ல் தனியார் கைக்குப் போன பிறகு டில்லியில் 50 சதவீத அளவில் இருந்த இழப்பு பத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் டில்லி நெருக்கமான ஊர். ஒரு கம்பத்தில் 40 வீடு, அங்கே இழப்பில் பெரும்பங்கு திருட்டு, திருட்டைப் பிடித்தால் மறுமாதமே காசு. நாலு மோட்டாருக்கு ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்த கோட்டுச்சேரிப் பக்கத்து வயலில், அதுவும் பில்லே வராத இணைப்புக்கு, எந்த முதலாளி மூன்றாம் நிலை டிரான்ஸ்பார்மர் வாங்கி வைப்பான்? கட்டாயப்படுத்தினால் வைப்பான். கட்டாயப்படுத்துகிற ஆணையம் அரசுத் துறையையும் இன்றைக்கே கட்டாயப்படுத்தலாமே.

எங்களால் முடியாது, காசில்லை என்று மட்டும் இந்தப் பிரதேசத்தில் யாரும் சொல்ல வேண்டாம். எல்.இ.டி. பல்பு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாடு பூராவும் போன அந்தத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது 2014ல் இதே புதுச்சேரியில். குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு 10 ரூபாய்க்கு ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கிக்கொள்ளலாம். அப்போது அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த விலை பல்புக்கு 310 ரூபாய். வருஷா வருஷம் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் ஆர்டர் கொடுத்ததில் மூணே வருஷத்தில் அந்த விலை 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. 310 ரூபாய் பல்பு எங்கே கட்டுப்படியாகும் என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் இன்னும் குண்டு பல்புதான். வீட்டுக்குள் வந்து எங்கள் பல்பை மாற்றத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் கம்பத்தில் இருப்பதை மாற்ற மட்டும் விலை இடிக்கிறது.

எங்கள் திருமலைராயன்பட்டினத்திலேயே இன்னொரு சாட்சி நிற்கிறது. புதுச்சேரி மின்திறல் கழகத்தின் எரிவாயு மின்நிலையம், 32.5 மெகாவாட், 2000ல் ஓட ஆரம்பித்தது. காவிரிப் படுகையில் எடுக்கிற வாயுவில் ஓடுகிறது. அதில் 22.9 மெகாவாட் வாயுச் சுழலியில் வருகிறது. மீதி 9.6 மெகாவாட் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வாயு எரிந்து வெளியே போகிற புகையின் சூட்டில் தண்ணியைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில் இன்னொரு சுழலியைச் சுற்றி எடுக்கிறார்கள். வீணாய்ப் போகிற சூட்டைப் பிடித்துத் திரும்பக் கரண்டாக்கி, கூட ஒரு சொட்டு வாயு செலவில்லாமல் மொத்தத்தில் 30 சதவீதம். இதைச் செய்யத் தெரிந்த பொறியாளர்கள் இருக்கிற ஊரில்தான், அப்படி எடுத்த கரண்டு வயலுக்கு வருகிற வழியில் மறுபடி சூடாகிக் காற்றில் போகிறது. எனக்கு அந்த மின்நிலையத்தைத் தாண்டி நாகூர் ரோட்டில் போகும்போதெல்லாம் இது தோன்றும்.

சுற்றுச்சூழல் அக்கறையுள்ள நண்பர்கள் வேறு ஒரு கேள்வி வைத்திருப்பார்கள். லைனைச் சரிசெய்து, நல்ல பம்பும் கொடுத்து, கரண்டும் இலவசம் என்றால் நிலத்தடி நீரை உறிஞ்சித் தள்ளிவிட மாட்டீர்களா? கடலோரத்தில் உப்புத்தண்ணி உள்ளே வராதா? நல்ல கேள்வி. கிழக்கே போகப் போக போரில் உப்பு நாக்கில் தெரிகிறது, யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் மோட்டாரைப் போடுவது ஆசையால் இல்லை. மேட்டூர் ஜூன் 12ல் திறந்து, தண்ணி அரசலாறு, நாட்டாறு வழியாகக் காலத்தில் வந்தால் குறுவைக்கு மோட்டார் பாதிக்குப் பாதி ஓடாது. 2024ல் ஜூன் 12ல் அணை திறக்கவில்லை. காவிரித் தீர்ப்பில் காரைக்காலுக்கு 7 டிஎம்சி என்று எழுதியிருக்கிறது, நாங்கள் கடைமடை, மேலே இருப்பவர்கள் எல்லோரும் குடித்த பிறகு. கல்லணையிலிருந்து இறங்கி வருகிற தண்ணிக்கு யூனிட் செலவே இல்லை. எரிசக்தித் திறன் பற்றிப் பேசுகிறவர்கள் வாய்க்கால் தூர்வாருவதையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் நான் கைதட்டுவேன்.

கஜா புயல் 2018 நவம்பரில் டெல்டாவில் லட்சத்துக்கு மேல் கம்பங்களைச் சாய்த்தது. ஊழியர்கள் ராத்திரி பகலாகச் சேற்றில் நின்று வேலை பார்த்தார்கள், அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்படி ஒரு அழிவுக்குப் பிறகு கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் புதிதாக நட்டபோது, பழைய வரைபடத்திலேயே, பழைய நீளத்திலேயே தாழ்வழுத்தக் கம்பியை இழுத்தால் அது யார் குற்றம்? அவசரம்தான். ஆனால் எங்கள் கடற்கரைக்குப் புயல் புதிதா? அடுத்த புயலுக்கு என்ன வைக்கப் போகிறோம் என்கிற பட்டியல் இப்போதே எழுதி இருக்க வேண்டாமா? உப்புக்காத்தில் பீங்கானில் பொரிகிற தீப்பொறியை ராத்திரியில் பார்த்தால் தீபாவளி மாதிரி இருக்கும். அதுவும் இழப்புதான்.

பட்டணத்தில் இருக்கிற உங்களால் ஆகிற காரியம் ஒன்று உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். கட்டண மனு வரும்போது ஆணையங்கள் அதை இணையத்தில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும், கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்தும். எங்களுக்குப் புதுச்சேரி போவது என்றால் 130 கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் நாத்துப் பறிப்பு போகும். உங்களுக்கு அது ஒரு மின்னஞ்சல். தமிழ்நாட்டுக்காரர் தமிழ்நாட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள், புதுச்சேரிக்காரர் இணை ஆணையத்துக்கு. கேட்க வேண்டியது ரெண்டே ரெண்டு: போன வருஷம் வாங்கிய டிரான்ஸ்பார்மர்கள் எந்த நிலை, இழப்பை விலையோடு கூட்டிப் பார்த்து வாங்கினீர்களா? விவசாயம் என்று எழுதிய யூனிட்டுகளில் எத்தனை, டிரான்ஸ்பார்மர் மீட்டரில் அளந்து எழுதியது? பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அடுத்த கல்யாணப் பந்தியில் தேவைப்படும்.